திருப்பிச் சொல்லுதல்

கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வழியாக இந்த நாட்டின் மின்சாரம் அந்த நாட்டுக்குப் போகிறது. அளவை மாற்றுவதற்கு முன் ஒரு கரையில் சொன்னதை மறுகரையில் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது காதில் விழுந்ததற்கு அதுதான் சாட்சி. இந்தக் கரையில் பிரிசில்லாவும் அந்தக் கரையில் குகதாசனும் முகம் பார்க்காமலே வருடக்கணக்காக இப்படிப் போனில் பேசுகிறவர்கள். இன்று பிரிசில்லாவுக்கு மேலிடத்து உத்தரவு வந்திருந்தது.

"மொத்தமா நிறுத்துறோம், அண்ணே. பூஜ்யம்."

"மொத்தமா நிறுத்துறீங்கள். பூஜ்யம்," என்றார் அவர், வழக்கமான குரலில்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் எண் இறங்கத் தொடங்கியது.

"என்ர மகள் ஆஸ்பத்திரியில மூச்சு மெஷினில இருக்கிறா, தங்கச்சி. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை."

எண் பூஜ்யத்தைத் தொட்டது. குகதாசன் போனை வைக்கவில்லை. அவள் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார்.