பத்து வயசுப் பக்கம்

“இது யாரோட கதைன்னு நீயே உன் வாயால சொல்லு எழில்.”

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலரை நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மடக்கி, எழிலரசியின் முகத்துக்கு நேரே நீட்டினாள் புஷ்பவல்லி. கார் டிக்கியில் மலர்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எழிலரசி நிமிர்ந்தாள். அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் நகரில் அன்று காலை நல்ல குளிர். புஷ்பவல்லியோ ஸ்வெட்டர்கூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கோபம் வராதா பின்னே? எழிலரசி லைப்ரரியில் சனிக்கிழமைதோறும் கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே சேருகிறவர்கள் முதலில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். பத்து வயதுக்குள் தன் மனசு எங்கே அடிபட்டது என்று. சொந்தக் காயத்தைப் பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கதாபாத்திரத்தின் காயத்தை எழுத வராது என்பது அவள் கட்சி. அந்தப் பக்கத்தை அவள் மட்டும் படிப்பாள், படித்ததும் கிழித்துவிடுவாள்.

போன வருஷம் புஷ்பவல்லியும் எழுதிக் கொடுத்தாள். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. நாலாம் வகுப்பில் மூன்றாவது ரேங்க் வாங்கியதற்காக, அவள் அம்மா பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

இப்போது அது மலரில் வந்திருக்கிறது. போட்டிக் கதைகளுக்குக் கீழே பெயர் போடுவதில்லை. ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று சண்டை வந்தபிறகு தமிழ்ச் சங்கம் செய்த ஏற்பாடு. பெயர் இல்லாவிட்டால் என்ன, விஷயம் தெரிந்த ஒரே ஆள் எழிலரசிதானே. மலருக்குப் பொறுப்பும் அவள்தான்.

“கிழிச்சுட்டேன்னு சொன்னியே எழில்.”

“உன் எதிர்லதான கிழிச்சேன்.”

“பேப்பரைக் கிழிச்ச. மனசுல வச்சிருந்து எழுதிட்ட.”

எழிலரசி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். “கதையை முழுசாப் படிச்சியா?”

“மூணு தடவ படிச்சேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு வாய்க்கும் அம்மா மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடறா. அப்படியே நான்தான். பதினோரு நாளை ஒன்பதாக்கிட்ட. நான் ‘மன்னிச்சிரும்மா’ன்னு சிலேட்ல எழுதி அடுப்பு மேடையில வச்சேன். கதையில அந்தப் பொண்ணு ஸ்டிக்கி நோட்டுல எழுதி காபி மெஷின்ல ஒட்டறா. இதுக்குப் பேரு கற்பனையா?”

அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. பதினோராம் கிரேடு படிக்கும் மகள் வான்மதியின் மெசேஜ். புஷ்பவல்லி அதைத் திறக்காமலே தள்ளிவிட்டாள்.

“என்னன்னு பாரு. அவசரமா இருக்கப் போவுது.”

“ஒரு அவசரமும் இருக்காது. கெமிஸ்ட்ரில பி வாங்கிட்டு வந்து நிக்கறா. போன தடவ மாதிரியே, திங்கக்கிழமையிலேருந்து நான் அவகூடப் பேசறதில்ல. அதை விடு, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

எழிலரசி அந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கதையில வர்ற அம்மாவைப் பத்தி உனக்கு என்ன தோணுச்சு புஷ்பா?”

“என்ன தோணும்? நாலு அறை விட்டிருந்தாக்கூட மறந்து போயிருக்கும். பெத்த பொண்ணு கண்ணு முன்னால நிக்கறப்ப, அங்க யாருமே இல்லாத மாதிரி தாண்டிப் போறவ எல்லாம் ஒரு தாயா?”

அதற்குமேல் புஷ்பவல்லியால் முடியவில்லை. நாற்பத்தைந்து வயதில், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அழுதாள். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிப் போனார்.

“இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துல உன்னை ஒருத்தியைத்தான் நம்பினேன். நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்ட. நாளைக்குப் பொங்கல் விழாவுல நானூறு பேர் என் வீட்டு விஷயத்தைப் பேசுவாங்க. நீ மேடையேறி பரிசு வாங்குவ.”

“நான் வாங்க மாட்டேன்.”

“வாங்க விடவும் மாட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். “இப்பவே சங்கத்து குரூப்ல போடறேன். இது திருட்டுக் கதை, போட்டியிலேருந்து எடுங்கன்னு.”

அவள் விரல்கள் மளமளவென்று தட்டத் தொடங்கின. எழிலரசி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போடாத புஷ்பா. அதை எழுதினது நான் இல்ல.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாங்க. தமிழ்ல மாத்தினது மட்டும்தான் நான். போட்டி முடியற வரைக்கும் பேரைச் சொல்லக் கூடாது, அதான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

புஷ்பவல்லிக்கு ரத்தம் இன்னும் கொதித்தது. இவள் எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாவது ஆளிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறாள்.

“அப்ப என் கதையைத் தூக்கி யார்கிட்ட குடுத்த? அந்தப் பேரைச் சொல்லு. அவங்க வீட்டுக்கே போய்க் கேக்கறேன்.”

எழிலரசி அவள் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“அது உன் கதை இல்ல புஷ்பா, வான்மதியோடது.”