ஆடு எண்ண வந்தவர்

காலையிலிருந்து தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்கப் போனால் நூல் ஊசிக்கு வெளியே போனது. கொட்டிலில் பன்னிரண்டு ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவளுடையதில்லை.

அவளுடைய பன்னிரண்டும் ஆறு மாதத்துக்கு முன்பே விலைபோய்விட்டன, கணவனின் இடுப்பு ஆபரேஷனுக்காக. ஆனால் ஆட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தரும் தீவன மானியம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. இன்றைக்கு ஆய்வு. கொட்டில் காலியென்று தெரிந்தால் கேஸ் போடுவார்கள். படுக்கையில் கிடக்கிறவனை விட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் போய் நிற்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நல்லவேளையாக டீக்கடைக்காரர் கைகொடுத்தார். ஒரு நாள் வாடகைக்கு ஆடு.

"சொந்தக்காரர் யாருன்னு மட்டும் கேக்காதம்மா. வேலை முடிஞ்சதும் கொட்டில் கதவைத் தெறந்து விடு. அவர் கூப்பிட்டா அதுங்களே போயிடும்."

இதே ஆடுகள்தான் முந்தாநாள் மாவுமில்காரர் வீட்டில் நின்றன, நேற்று எதிர்வீட்டு அண்ணி வீட்டில் நின்றன. வரப்போகிற அதிகாரியோ பொல்லாதவராம். ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் பார்ப்பாராம், அத்தனை நுணுக்கம்.

"அந்தக் காது கிழிஞ்சத எங்கயாவது ஒளிச்சு வைடி," என்று உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். "நேத்தே பார்த்திருப்பாரு."

"ஒளிச்சா பதினொண்ணுதான் வரும். பன்னெண்டாவதா நீங்க வந்து நிக்கிறீங்களா?"

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிகாரி பேச்சே கொடுக்காமல் கொட்டிலுக்குள் நுழைந்தார். பேனா முனையால் ஒவ்வொன்றாய்ச் சுட்டி எண்ணினார். பத்தைத் தாண்டும்போது, அந்தக் காது கிழிந்த ஆடு நேராக வந்து அவர் சட்டைப்பையை முகர்ந்தது.

"ச்சீ, தள்ளிப் போ," என்று அதைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். "காது எப்படிக் கிழிஞ்சுது?"

"நாய்... நாய் கடிச்சிடுச்சு சார்."

"நாய்க்கடி இப்படியா இருக்கும்? முள்கம்பியில மாட்டிக் கிழிஞ்சிருக்கு."

"ஆமா சார், கம்பிதான். மறந்தே போச்சு." பொல்லாதவர்தான். பார்த்த மாத்திரத்தில் எப்படிச் சொல்கிறார்!

"வயிறெல்லாம் ஒட்டிக் கிடக்கு. நேத்து ராத்திரி தீனி போடலையா? மானியம் எதுக்கும்மா குடுக்குறாங்க?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே கணவன் முனகுவது கேட்டது. அதிகாரி ஒரு கணம் யோசித்தார். பிறகு 'பன்னிரண்டு, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க சார்."

"வேணாம்மா. யார்கிட்டயும் கைநீட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது."

அவர் வெளியே போனதும் ஓடிப்போய்க் கொட்டில் கதவைத் திறந்துவைத்தாள்.

"தப்பிச்சோம்டி," என்றான் கணவன். "சொந்தக்காரர் வந்துட்டாரா?"

தெருவில் மோட்டார் சைக்கிளின் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. காது கிழிந்தது முன்னால் துள்ளி ஓட, பன்னிரண்டு ஆடுகளும் அதிகாரியின் பின்னால் வரிசையாகக் கிளம்பின.