பூட்டில் குடிவந்தது

திருவிழாவுக்குப் போன குடும்பம் ஒரு வாரம் கழித்துத் தூத்துக்குடிக்குத் திரும்பியது. கதவில் சாவியை நுழைக்கப்போன ரொசாரியோவின் கை அப்படியே நின்றது. சாவித் துவாரம் நிறையப் பச்சை இலைத் துணுக்குகள். இன்னொரு துணுக்கைச் சுமந்து வந்த, இலையால் கூடு கட்டும் தேனீ ஒன்று அவர் விரலை உரசிக்கொண்டு உள்ளே புகுந்தது.

அவர் மனைவி எமல்டா கடைசியாக ஒரு தேனீயைப் பார்த்தது பள்ளியில் படித்த காலத்தில். இப்போது தெருவே தூரிகையும் கையுமாகப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினால்தான் பூசணி காய்க்கிறது.

அது ஒரே வாசல் உள்ள வரிசை வீடு. மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மக்கர் செய்த மிக்ஸியை ஒருமுறை தெருவில் வீசிய கணவர் இப்போது கதவை உதைக்கப்போகிறார் என்று எமல்டா பயந்தாள்.

"தள்ளி நில்லு எமல்டா. அதுக்கு வழிய மறிக்காத" என்ற ரொசாரியோ, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியை அறுக்க ஆள் கூப்பிடப் போனார். இவரோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினோமா என்று எமல்டா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார் மாப்பிள்ளையின் அம்மா ஃப்ளோரின்.

"என்ன, கதவு பூட்டிக் கெடக்கு?"

எமல்டா கூச்சத்தோடு பூட்டைக் காட்டினாள். உள்ளே ஏறிப்போகக் கம்பி அறுத்த ஜன்னலடியில் போட்டிருந்த ஸ்டூலையும் காட்டினாள். ஃப்ளோரின் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தேனீ வந்தது, நுழைந்தது, மறுபடி பறந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகினார்.

"ஸ்டூல நல்லாப் பிடிங்க, சம்மந்தி."

பெண்ணை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.