மேனேஜர் ஆகாத மருமகள்

“ஒனக்கு இருக்கது வாயா, இல்ல கோயில் கொடைக்குக் கட்டுன மைக்செட்டா?”

பாண்டியராஜன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. மிக்ஸி ஓடினால் சண்டை சரியாகக் காதில் விழாது என்பது சுதாராணிக்குத் தெரியும்.

“நான் ஊரெல்லாமா சொன்னேன்? சுதாராணிகிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றாள் செண்பகவல்லி.

“அதுக்கு நீ பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டிருக்கலாம். பாதிப்பேரு படிக்காமலாவது போயிருப்பான். இப்ப சாத்தூர்ல இருந்து போன் வந்துட்டு. சம்பந்தம் வேண்டாங்காவ.”

அவர்கள் மகள் ஜெயப்பிரியா சென்னையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊரிலுள்ள கம்பெனிக்கெல்லாம் புத்தி சொல்லியே சம்பாதிக்கும் கம்பெனி. அனலிஸ்டாகச் சேர்ந்தவள் கன்சல்டன்ட் ஆகி, சீனியர் கன்சல்டன்ட் ஆகி, இந்த வருடம் மேனேஜர் ஆக வேண்டும். அதற்கு மேலும் டைரக்டர், பார்ட்னர் என்று படிகள் உண்டு. ஏறாமல் ஒரே படியில் நின்றால், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

கோவில்பட்டியில் அப்படியில்லை. பாண்டியராஜனின் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை கோபாலசாமி, கல்யாணத்துக்கு முன் உட்கார்ந்த நாற்காலியில் பேரன் எடுத்த பிறகும் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு இங்கே விசுவாசம் என்று பெயர்.

சாத்தூர்க்காரர்கள் பட்டாசு ஆபீஸ் குடும்பம். கல்யாணம் முடிந்ததும் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். பாண்டியராஜன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தட்டு மாற்றாத குறையாகச் சரி சொல்லிவிட்டார். ஜெயப்பிரியா போனில் அழுதாள். “இவ்வளவு ஏறி வந்துட்டு எறங்கச் சொல்லுதீங்களேப்பா” என்றாள்.

“குடுத்த வாக்க நானா மாத்த மாட்டேன். மாத்துனா யாவாரத்துல ஒருத்தன் என்னய நம்புவானா?” என்றார் அவர்.

அந்த வாரம்தான் செண்பகவல்லி சுதாராணி வீட்டு அடுப்படியில் நின்று, “எம்மவளுக்கு மேனேஜர் கெடைக்கலட்டி. வெளிய அனுப்பிருவாங்க போல” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுதாராணியின் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது சாத்தூரில், மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்வீட்டில். செய்தி சாயங்கால பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“வேலைய விடணும்னு சொன்னதே அவியதான? இப்பப் போனா என்னவாம்?” என்றாள் செண்பகவல்லி.

“அது வேற, இது வேற. பெரிய வேலைய ஒதறிட்டு வந்தான்னா அவியளுக்குப் பெருமை. வெளிய தள்ளுன பிள்ளையக் கட்டுனா ஊரு சிரிக்கும்லா.”

அதுதான் சங்கதி. வேலையை உதறிய மருமகள் வேண்டும். வேலை உதறிய மருமகள் வேண்டாம்.

சுதாராணி வாசலில் வந்து நின்றாள். “அண்ணாச்சி, எம்மேல கோவப்படாதீங்க. நான் எங்க நாத்தனார்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

பாண்டியராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை ஜெயப்பிரியா ஊருக்கு வந்தாள். இலையில் உட்கார்ந்த மகளைப் பார்த்ததும் மைக்செட் கட்டியவர் மாதிரி கத்திய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

“வாக்கு மாறுனது நானில்லம்மா, அவிய. அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்திச்சு. இனி வேலையோ கல்யாணமோ, எல்லாம் ஒன் இஷ்டம். அந்தக் கம்பெனி இல்லன்னா...”

“சாப்பிடுத பிள்ளைட்ட வேலப் பேச்சு எதுக்கு?” என்று செண்பகவல்லி ரசத்தை ஊற்றினாள். ஜெயப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இது போதும்ப்பா” என்றாள்.

அடுத்த தை மாதம் அவள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு புனேயில் குடியேறினாள். கல்யாணம் முடிந்த கையோடு செண்பகவல்லி ஒரு பட்டுச்சேலையை வெற்றிலை பாக்கோடு சுதாராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. சுதாராணி கூசிப்போனாள்.

“நான் செஞ்ச காரியத்துக்கு எனக்கு எதுக்குக்கா சேலை?”

“நீ செஞ்ச காரியத்துக்குத்தான். மறுக்காம வாங்கிக்கோ.”

“புனேல பிள்ளைக்கு வேல கெடைச்சிட்டா?”

“மேனேஜரா இருக்கா.”

“நல்லாருக்கட்டும். எந்தக் கம்பெனில?”

“அதே கம்பெனிதான்.”

சுதாராணிக்குச் சேலை கையிலிருந்து நழுவப் பார்த்தது. “அதே கம்பெனிலயா? எப்பக்கா மேனேஜர் ஆனா?”

“ஒன் அடுப்படில நின்னு அழுதேன்லா, அதுக்கு முந்துன நாளு.”