போறணை மேல் கயிறு

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் சுல்பிகா பேக்கரிக்குள் நுழைந்தாள்.

சுனாமி அடித்து ஐந்து மாதம். நங்கூரம் போட மீனவர் சங்கத்துக்கு இனாமாக வந்த நைலோன் கயிறு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சங்கத் தலைவர் மீராமுகைதீனோ, மூட்டைக்கு ஒரு துண்டு வெட்டி, தன் பேக்கரியில் பாண் சுடும் போறணைக்கு மேலே சூட்டில் தொங்கவிட்டிருக்கிறார். சவூதியில் பிளாஸ்டிக் கொம்பனியில் படித்த வித்தையாம். இரண்டு வருச வெயில் கயிற்றுக்குச் செய்வதை இரண்டு கிழமைச் சூடு காட்டிவிடுமாம். அந்த இரண்டு கிழமையும் இன்றோடு முடிகிறது. கயிற்றைப் பங்கு வைக்கிற பேச்சையே மனுசன் எடுக்கவில்லை.

"காக்கா, நீங்க சுடுறது பாணா, கயிறா?"

வாங்குப் பலகையின் மேல் ஏறித் துண்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த மீராமுகைதீன் திரும்பிப் பார்த்தார்.

"பளபளப்ப நம்பேலாது தங்கச்சி. வெயில்ல கிடந்த பழைய சரக்காவும் இருக்கும்."

"எங்கட இவர் விடியக் கடலுக்குப் போறாராம், எங்கட பழைய இத்துப்போன கயித்தோட! எனக்கு ஈரக்குலை நடுங்குது."

அழுகை வந்தால் சண்டை பிடிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டாள்.

"எங்களுக்குத்தான் சட்டமெல்லாம். நீங்க முதல் நாளே ஒரு கட்டு எடுத்து உங்கட தோணியில கட்டினத்த ஊரே பாத்திச்சு. கொஞ்ச நாளாத் தோணியக் கரையில காணல்ல, தொழிலுக்கு அனுப்பிட்டீங்க. உங்கட ஊட்டு உலை மட்டும் கொதிக்கணுமா?"

மாப் பிசைந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

அவர் ஒரு துண்டை நீட்டினார். "மடிச்சுப் பாருங்க."

மடித்தாள். மொறுக்கென்று முறிந்து, கையில் தூளாகக் கொட்டியது.

"என்ட தோணியில கட்டினதும் இந்த மூட்டைக் கயிறுதான்."

சுல்பிகாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அல்லாஹ்வே! தோணியில ஆரு போன?"

"ஒருத்தரும் போகல்ல. ரெண்டு கிழமைக்கு உங்கட புள்ளைகள்ற வயிறு பொறுக்காது எண்டு எனக்குத் தெரியாதா? அதுக்கு முந்திக் கெதியாப் பாத்திரலாம் எண்டுதான் வெறுந்தோணிய அலைக்குள்ள நங்கூரம் போட்டு உட்டன். தாங்கியிருந்தா எப்பவோ பங்கு வெச்சிருப்பன்."

இன்னொரு துண்டை எடுத்து மடித்தார், முறுக்கினார், இழுத்தார். அது முறியவும் இல்லை, அறவும் இல்லை.

"இந்த மூட்டை தாங்கிட்டு. உங்கட மாப்புளைய இப்பவே வந்து எடுக்கச் சொல்லுங்க."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீங்களும் இதுலயே ஒரு கட்டு எடுங்க காக்கா."

"எனக்கு எதுக்கு தங்கச்சி? கட்டுறதுக்குத் தோணி வேணுமே."