ஆழம் குறைந்த பக்கம்

நீச்சல்குளத்தின் நீல ஓடுகளைத் தேய்த்து முடித்த ஆட்கள் மேலேறிப் போனதும், வசுமதி எச்சில் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு படி வழியாக உள்ளே இறங்கினாள். ஆழம் குறைந்த பக்கத்தில் லாரித் தண்ணீர் குழாய் வழியே கொட்டத் தொடங்கியிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து துலக்க ஆரம்பித்தாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயராகவன் விளிம்புக்கு வந்தார். “மேடம், நாளைக்குப் பசங்க நீந்த வர்ற இடம். அசிங்கமா இல்ல?”

“அசிங்கமாத்தான் இருக்கு சார். எங்க பிளாக்குல போன வாரத்துலேந்து குழாய்ல காத்துதான் வருது. அதான் இங்க வந்தேன்.”

“உங்களுக்கும் லாரி சொல்லியிருக்கோம்.”

“குளத்துக்குச் சொன்னது மட்டும் வந்துடுச்சே.”

அவர் லாரிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். தண்ணீர் நின்றது. வசுமதியின் முழங்கை வரை சோப்பு நுரை.

“இப்ப ஏறுங்க.”

“கழுவாம எப்படி ஏறுறது? திறக்கச் சொல்லுங்க.”

“நீங்க ஏறினாத்தான் திறப்பாங்க.”

அடுத்த நடைக்கு நேரமாகிறது என்றார் லாரிக்காரர். இருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயராகவன் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி விளிம்பிலேயே உட்கார்ந்தார். வசுமதி அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மடியில் வைத்துக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள். அந்தச் சத்தம் காலிக் குளத்தின் சுவர்களில் மோதி ஒவ்வொரு மாடியாக ஏறியது.