ஷகிலாவின் கழுத்து

“அம்மீ, எரியுது!”

“இருடீ. இன்னிக்கும் கழுத்து கருப்பா இருந்தா டீச்சர் வெளிய நிக்க வைப்பாங்க.”

அக்தர் பேகம் பீர்க்கங்காய் நாரால் மகளின் பின்கழுத்தைத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர, பட்டையாகப் படிந்திருந்த கருப்பு அசையவில்லை.

நாலாவது படிக்கும் ஷகிலா கொழுகொழுவென்று இருப்பாள். ‘அப்பன் டீக்கடை பன்னெல்லாம் இவ வயித்துலதான்’ என்று அதியமான்கோட்டையே கேலி பேசும். அதையெல்லாம் அக்தர் காதில் போட்டுக்கொண்டதில்லை. “உங்க வூட்டுல குளிக்கவே மாட்டீங்களா?” என்று ஜானகியம்மாள் டீச்சர் வகுப்பு முன்னால் கேட்டதுதான் நெஞ்சில் தைத்தது. அதுவும் எந்த டீச்சர்? கொளுத்துகிற வெயிலிலும் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொள்பவர். ‘நம்மளாட்டமே அடக்கமா இருக்காங்களே’ என்று அக்தர் மரியாதை வைத்திருந்தவர்.

ஷகிலா பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழ ஆரம்பித்தாள்.

தர்மபுரி டாக்டர் கழுத்தைப் பார்த்தார்.

“இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. எடை கூடினதால இன்சுலின்னு ஒரு சுரப்பு உடம்புல ஏறிக் கிடக்கு. எடை குறைஞ்சா கருப்பும் குறையும்.”

அக்தருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிள்ளைகள் தேறட்டும் என்று சர்க்கார் சத்துணவு போடுகிறது, இவர் இளைக்கச் சொல்கிறாரே! கழுத்துக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனாலும் செய்தாள். அப்பா கடை பன்னும் வறுக்கியும் நின்றன. களியும் கீரையும் வந்தன. சைக்கிள் கேரியரில் போனவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

எடை இறங்க இறங்கப் பசி ஏறியது. “இன்னும் ஒரு உருண்டை அம்மீ” என்று பிள்ளை கெஞ்சினாள். அக்தர் மறுபடி டாக்டரிடம் ஓடினாள்.

“பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு பயந்துக்குதும்மா, அதான் பசியைக் கிளப்புது. பிள்ளையைத் திட்டாதீங்க. காயும் கீரையும் நெறைய குடுங்க.”

பொங்கல் லீவுக்குள் கழுத்து தெளிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஷகிலா அழுதுகொண்டே வந்தாள். “‘இப்பத்தான் சோப்பு வாங்கினீங்களா’ன்னு டீச்சர் கேட்டாங்க அம்மீ.”

அக்தருக்குப் பொறுக்கவில்லை. நேரே வகுப்பில் போய் நின்றாள். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“டீச்சர், எம் பொண்ணு ஒரு நாளும் அழுக்கா வரலைங்க. தேய்ச்சு தேய்ச்சு புண்ணாச்சு, போகலை. தேய்க்கிறதை நிறுத்தி, எடையைக் குறைச்சப்புறந்தான் போச்சுங்க. டாக்டர் சொன்னாரு, அது அழுக்கே இல்லையாம்.”

ஜானகியம்மாள் எழுந்து போய் வகுப்புக் கதவைச் சாத்தினார். ‘கதவை எதுக்குச் சாத்தறாங்க?’ அக்தர் குழம்பிப்போய் நின்றாள்.

டீச்சர் திரும்பி நின்று முந்தானையை விலக்கினார். பின்கழுத்தில் அதே கருப்புப் பட்டை, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்தது.

“நான் படிக்கிறப்ப என்னையும் இப்படித்தாங்க வெளிய நிக்க வெச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்... அந்த டாக்டர் எங்கங்க இருக்காரு?”